விடியற்காலைக் கோளாறு

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனால் சுமார் 30 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குள் மோட்டார் சைக்கிள் இரண்டு விதமாகக் கெடுகிறது. மேற்கே செங்கல்பட்டைச் சுற்றிக் கல் குவாரி, கிரஷர், ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி. அங்கே வண்டியைக் கெடுப்பது புழுதி. ஏர் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், செயினும் ஸ்பிராக்கெட்டும் சீக்கிரம் தேயும். ஃபில்டரைத் திறந்தே பார்க்காதவர் வண்டியில் புழுதி சிலிண்டர் வரை போய் ரிங்கைத் தின்றுவிடும். கிழக்கே தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று கரையை ஒட்டி நிற்கும் வண்டிகளைக் கெடுப்பது உப்புக்காற்று. புழுதி என்ஜினுக்குள் போகப் பார்க்கும். உப்பு அவ்வளவு தூரம் போகாது. இரண்டு உலோகம் சேருகிற இடம் எங்கே இருக்கிறதோ, அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

நான் தொழில் பழகியது செங்கல்பட்டில். கடை போட்டது மாமல்லபுரத்துப் பக்கம். ஆகவே இரண்டையும் பார்த்தாயிற்று. புழுதியால் வரும் கோளாறு ஒளிந்துகொள்ளாது. ஃபில்டர் மூடியைத் திறந்தால் தெரியும், சைலன்சர் புகையில் தெரியும், எந்த நேரத்தில் பார்த்தாலும் தெரியும். உப்பால் வரும் கோளாறு அப்படியில்லை. அது வரும், போகும். மெக்கானிக் பார்க்கும்போது பெரும்பாலும் இருக்காது. வண்டி வைத்திருப்பவர் தன் கையாலேயே ஸ்பார்க் பிளக்கையும் அதன் இணைப்புகளையும் பார்க்கப் பழக வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். ஒரு மெக்கானிக் இப்படிச் சொன்னால் பிழைப்பைக் கெடுத்துக்கொள்கிறான் என்று என் கூட்டாளிகள் சிரிப்பார்கள். சொல்ல வேண்டிய காரணத்தை விளக்கிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் ராட்டினங்கிணறு பக்கத்தில் ஒரு செட்டில் பையனாகச் சேர்ந்தேன். ஓனரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அப்போது செட்டுக்கு வந்த வண்டிகளை இன்றைக்குப் பழைய வண்டிப் பிரியர்கள் துடைத்து வைத்துப் போட்டோ எடுக்கிறார்கள். புல்லட், யெஸ்டி, ராஜ்தூத், டிவிஎஸ் 50. 1985இல் வந்த ஆர்எக்ஸ் 100, அதே வருஷம் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100. இவற்றில் புல்லட்டுக்குத் தனி மரியாதை. இங்கிலாந்துக்காரர்களோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் உருவான வண்டி அது. பாய் அதை 'நம்ம ஊர் வண்டி' என்பார். நம்ம ஊர் வண்டி என்பதால் அதன் பிடிவாதத்தையும் பொறுத்துக்கொள்வார்.

சேர்ந்த புதிதில் பையனுக்குக் கொடுக்கும் வேலை பிளக் கழுவுவது. அன்றைக்கு டூ ஸ்ட்ரோக் வண்டிகள் ஏராளம். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும். எரியாத ஆயில் பிளக் முனையில் கருப்பாகப் படியும். டூல் பாக்ஸில் ஒரு பிளக் ஸ்பேனரும் ஒரு மாற்றுப் பிளக்கும் இல்லாமல் யாரும் தூரம் போகமாட்டார்கள். நடுவழியில் நின்றால் இறங்கி, கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக் கிளம்புவார்கள். ஆசிரியர், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, பால்காரர் எல்லோருக்கும் அது கைவந்த வேலை. இன்று வண்டிகள் எவ்வளவோ மேல். அந்தக் கைப்பழக்கம் மட்டும் போய்விட்டது.

பிளக்கைக் கழுவும்போதே அதை வாசிக்கவும் பாய் கற்றுக்கொடுத்தார். முனையில் இளம் பழுப்பு இருந்தால் என்ஜின் நன்றாக எரிகிறது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஈரமான ஆயில் கருப்பு ஃபோர் ஸ்ட்ரோக்கில் வந்தால் ரிங்கிலோ வால்வு சீலிலோ ஆயில் ஏறுகிறது. சுண்ணாம்பு வெளுப்பாக, முனை உருகின மாதிரி இருந்தால் சூடு அதிகம். காற்று எங்கேயோ கள்ளத்தனமாக நுழைகிறது, அல்லது வண்டிக்குப் பொருந்தாத பிளக் போட்டிருக்கிறார்கள். பிளக்கின் முனை ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850 டிகிரியைத் தாண்டினால் ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மாதிரி ஒவ்வொரு என்ஜினுக்கும் ஒரு பிளக் இருக்கிறது. மரை பொருந்துகிறது என்பதற்காக எதையாவது மாட்டக் கூடாது.

ஆனால் பாய் எனக்குக் கொடுத்த பெரிய பாடம் பிளக்கைக் கழற்றுவதற்கு முன்னால் வரும் பாடம். வண்டி மிஸ் ஆகிறது என்று ஆள் வந்ததுமே நாங்கள் பிளக் தலையில் மாட்டியிருக்கும் கேப்பைப் பிடுங்கப் போவோம். கையைத் தட்டிவிடுவார்.

"கழட்டுறதுக்கு முன்னாடி பாருடா. கழட்டிட்டீன்னா சாட்சி போச்சு."

அவர் சொன்னதன் அர்த்தம் கடற்கரைக்கு வந்த பிறகுதான் முழுதாகப் புரிந்தது. கேப்பைப் பிடுங்கித் திரும்ப அழுத்தும்போது உள்ளே இருக்கும் பித்தளை, பிளக் தலையை உரசும். அந்த உரசலில் களிம்பு கொஞ்சம் உதிரும். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். பையன் பிளக்கைத் துடைத்ததால் சரியானது என்று நினைப்பான். வண்டிக்காரரும் காசு கொடுத்துவிட்டுப் போவார். பத்து நாளில் அதே இடத்தில் நிற்கும். மறுபடி பிளக்கைக் குறை சொல்வார்கள், புதுசு போடுவார்கள், அதற்காகக் கேப்பைப் பிடுங்கி அழுத்துவார்கள், மறுபடி பத்து நாள் ஓடும். இப்படி ஒரு தப்பும் செய்யாத பிளக்குகளை எத்தனையோ பேர் தூக்கி எறிந்திருக்கிறார்கள்.

கரண்ட் போகிற வழியைத் தெரிந்துகொண்டால் இது விளங்கிவிடும். பேட்டரி கொடுப்பது 12 வோல்ட். பிளக் முனையில் இருக்கும் இடைவெளி வண்டிக்குத் தக்கபடி 0.6 முதல் 0.9 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனாலும் அந்தக் காற்றைத் தாண்ட 12 வோல்ட்டால் முடியாது. இக்னிஷன் காயில் அதைப் பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட்டாக உயர்த்தி அனுப்புகிறது. உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் ஸ்பார்க் பிளக்கையும் சேர்த்து ராபர்ட் பாஷ் கம்பெனியின் என்ஜினியர் காட்லோப் ஹோனோல்டு 1902இல் செய்துகாட்டினார். பிறகு ஸ்பார்க்கை ஏவும் முறை மாறியது: பாயின்ட் போய் சிடிஐ வந்தது, சிடிஐ போய் இசியு வந்தது. கடைசியில் நடக்கும் காரியம் அன்றும் இன்றும் ஒன்றேதான்.

இவ்வளவு அழுத்தத்தில் வரும் கரண்ட் நாம் போட்ட பாதையில்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கொளவாய் ஏரி நிரம்பினால் தண்ணீர் கலங்கலைத்தான் தேடும் என்றில்லை, கரை எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே வழியும். அது மாதிரி, வயரின் தோலில் ஒரு கீறல், கேப்பின் ரப்பரில் ஒரு வெடிப்பு, பிளக்கின் வெள்ளைப் பீங்கான்மேல் ஒரு ஈரப் படலம் இருந்தால் போதும். கரண்ட் அங்கேயே என்ஜின் ஹெட்டுக்குத் தாவிவிடும். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் அமுங்கிய நிலையில் இருப்பதால் அங்கே தாவுவதற்கு அதிக வோல்ட் வேண்டும். வெளியே தாவுவது அதற்குச் சுலபம். பிளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்துக் கிக்கரை உதைத்து 'கரண்ட் நல்லா வருது' என்று சொல்வதில் உள்ள ஓட்டை இதுதான். வெளிக் காற்றில் அடிக்கும் ஸ்பார்க், அழுத்தத்துக்குள் அடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஸ்பார்க் இல்லையென்றால் கோளாறு இருக்கிறது என்று தெரியும். இருந்தால் பாதிதான் தெரியும்.

இப்போது உப்புக்கு வருகிறேன். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று எழும்பும். கரையில் உடைந்த அலையின் பொடித் துளியை அது சுமந்து வரும். துளி காய்ந்து உப்பு மட்டும் வண்டியின்மேல் மிஞ்சும், கண்ணுக்குத் தெரியாத அளவு. காய்ந்த உப்பில் கரண்ட் போகாது. ராத்திரி பனி இறங்கும்போது உப்பு அந்த ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். விடியற்காலை ஐந்து மணிக்குப் பிளக்கின் பீங்கான்மேல், கேப்பின் உள்பக்கம், வயர்களைச் சேர்க்கும் கப்ளரின் ஊசிகளுக்கு நடுவில் இருப்பது உப்புத்தண்ணீர்ப் படலம். அதில் கரண்ட் நன்றாகப் போகும். வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஆனாலும் இருமி இருமி நிற்கும். எட்டரை, ஒன்பது மணிக்கு வெயில் ஏறி எல்லாம் காய்ந்துவிடும். பத்து மணிக்கு வண்டி என் கடைக்கு வரும்போது ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். நான் என்ன பார்ப்பது?

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும் ஒரு நர்ஸ் என்னிடம் வண்டி விடுவார். ஸ்கூட்டர். காலை ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் மக்கர். கடையில் அது தங்கமாக ஓடும்.

"அண்ணா, நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்களா? காலையில வந்து பாருங்க."

"பொய்னு யாரும்மா சொன்னது. காலையில அஞ்சு மணிக்கு நான் உங்க வீட்டுக்கு வர முடியாது. நீங்கதான் பார்க்கணும். எங்க பார்க்கணும்னு சொல்லித் தர்றேன்."

ஸ்கூட்டரில் சின்ன மூடியைக் கழற்றினால் பிளக் கேப் தெரியும். கேப்பை வயரைப் பிடித்து இழுக்காமல், கேப்பையே பிடித்து லேசாகத் திருகி எடுக்கக் காட்டினேன். உள்ளே செல்போன் வெளிச்சம் அடித்து ஈரமோ பச்சைக் களிம்போ இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அடுத்த முறை மக்கர் செய்த காலையிலேயே போட்டோ அனுப்பினார். கேப்பின் உள்சுவரில் பென்சிலால் கோடு போட்ட மாதிரி மெல்லிய கருப்பு ரேகை. கரண்ட் திரும்பத் திரும்ப ஒரே வழியில் தாவினால் அந்த வழி கரியாகிவிடும். பிறகு ஈரம் இல்லாவிட்டாலும், பாரம் இழுக்கும்போது அதே வழியில் தாவும். புதுக் கேப் போட்டதோடு விஷயம் முடிந்தது. கண்டுபிடித்தவர் அவர். நான் மாட்டிக் கொடுத்தேன்.

கரையோரத்தில் வண்டி வைத்திருப்பவர் மாதம் ஒருமுறை செய்யக்கூடியதை வரிசையாகச் சொல்கிறேன். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது அலுமினிய ஹெட்டிலிருந்து பிளக்கைத் திருகினால் மரையும் சேர்ந்து வந்துவிடும். நூற்றுச் சொச்ச ரூபாய்ப் பிளக்குக்காக ஹெட் வேலை செய்ய வேண்டிவரும். சாவியை எடுத்துவிட வேண்டும்.

முதலில் எதையும் தொடாமல் கண்ணால் பார்ப்பது. காயிலிலிருந்து கேப் வரை வயர் எங்கேயாவது ஃபிரேமில் உரசுகிறதா, தோல் வெடித்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா. ராத்திரியில் லைட்டை அணைத்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து, பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரேயால் வயர்மேலும் கேப்மேலும் லேசாக அடித்தால், கரண்ட் கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடுவது தெரியும். அப்போது கை அந்தப் பக்கம் போகக் கூடாது. பெட்ரோல் வாசனை வரும் வண்டியில் இந்தச் சோதனையே கூடாது.

அடுத்தது கேப். பல வண்டிகளில் கேப்புக்குள் மர ஸ்க்ரூ மாதிரி ஒரு முள் இருக்கும். அது வயரின் நடுக்கம்பிக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். கேப்பை இடப்பக்கமாகச் சுற்றினால் வயரிலிருந்து வந்துவிடும். வயர் முனையில் செம்பு பச்சை பூத்துப் பொடியாக இருந்தால் நீளத்துக்கு இடம் இருக்கிறதா பார்த்து அரை சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பச் சுற்ற வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் கேப்பைத் தனியாக அளக்கலாம். ரெசிஸ்டர் உள்ள கேப் பெரும்பாலும் 5,000 ஓம் பக்கத்தில் காட்டும். மீட்டரின் முள் நகரவே இல்லையென்றால் கேப் செத்துவிட்டது.

பிறகு பிளக்கின் தலை. சில பிளக்குகளில் உச்சியில் சின்ன நட் ஒன்று மரையில் ஏறியிருக்கும். அது தளர்ந்தால் கேப் இறுக்கமாக உட்கார்ந்த மாதிரியே தெரியும், உள்ளே ஆடிக்கொண்டிருக்கும். குழியில் இறங்கினால் மட்டும் மிஸ் ஆகும் வண்டிக்கு நான் முதலில் இந்த நட்டைத்தான் பார்ப்பேன். குறடால் ஒரு பிடி பிடித்தால் போதும்.

பிளக்கைக் கழற்றுவதற்கு முன்னால் அதைச் சுற்றி இருக்கும் மண்ணை ஊதியோ பிரஷ்ஷால் தள்ளியோ எடுத்துவிட வேண்டும். மாமல்லபுரத்தில் இது முக்கியம். சிற்பக் கூடங்கள் வரிசையாக இருக்கும் சாலையில் கல் அறுக்கும் மெஷினிலிருந்து வரும் மாவு எல்லா வண்டியிலும் படிகிறது. கருங்கல் மாவு சிலிண்டருக்குள் விழுந்தால் அது உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலையைச் செய்யும். பிளக் முனையைச் சுத்தம் செய்ய உப்புத்தாள் கூடாது என்பதும் அதே காரணத்தால்தான், மணல் துணுக்கு சிக்கிக்கொள்ளும். கம்பி பிரஷ் பீங்கானில் உலோகக் கோடு போட்டுவிடும். பெட்ரோலும் நைலான் பிரஷ்ஷும் போதும். மெல்லிய ஊசி முனை உள்ள இரிடியம் பிளக்கில் அதையும் செய்ய வேண்டாம். இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, தேவைப்பட்டால் வெளிக்கொம்பை மட்டும் வளைக்க வேண்டும். நடு முனையைத் தொடக் கூடாது. திரும்பப் போடும்போது முதலில் கையாலேயே சுற்றி இறக்க வேண்டும். மரை சரியாக உட்கார்கிறதா என்று விரலுக்குத்தான் தெரியும், ஸ்பேனருக்குத் தெரியாது. கையால் முட்டிய பிறகு புதுப் பிளக்குக்கு வாஷர் நசுங்க ஏறக்குறைய அரைச் சுற்று; பழைய பிளக்குக்கு அதில் ஐந்தாறில் ஒரு பங்கு. புத்தகத்தில் அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

ஸ்பார்க் பார்க்க வேண்டுமானால் ஒரு மாற்றுப் பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் மரை என்ஜின் உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்து, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளியே பார்க்க வேண்டும். ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். பிளக்கை எங்கேயும் படாமல் அந்தரத்தில் விட்டு உதைத்தால் கரண்ட் போக வழியில்லாமல் காயிலையோ சிடிஐயையோ சாப்பிட்டுவிடும்.

இதெல்லாம் கரண்ட் போகும் வழி. வரும் வழியை யாரும் பார்ப்பதில்லை. ஸ்பார்க் அடித்த கரண்ட் பிளக் மரை வழியாக என்ஜினுக்கு, அங்கிருந்து ஃபிரேமுக்கு, ஃபிரேமிலிருந்து காயிலுக்குத் திரும்பினால்தான் சுற்று முடியும். கரையோர வண்டிகளில் காயிலை ஃபிரேமோடு பிடிக்கும் போல்ட்டுக்குக் கீழே துரு பூக்கும். எர்த் வயரின் வளையத்துக்குக் கீழேயும் பூக்கும். மேலே பார்த்தால் பெயின்ட் பளபளக்கும். அந்த போல்ட்டைக் கழற்றி, உலோகம் தெரியச் சுரண்டி, திரும்ப முடுக்கினதும் 'புதுக் காயில் போடணும்' என்று முடிவாகி வந்த வண்டிகள் ஸ்டார்ட் ஆகியிருக்கின்றன. கில் சுவிட்ச், சாவி சுவிட்ச் இரண்டிலும் இதே கதைதான். சிடிஐ வண்டி பலவற்றில் கில் சுவிட்ச் வேலை செய்வது இக்னிஷனை எர்த்தில் சாய்ப்பதன் மூலம். சுவிட்சுக்குள் உப்புத்தண்ணீர் நின்றால், யாரும் தொடாமலே அது கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டிருக்கும்.

பேட்டரி முனையில் வாசலைன் தடவுவது நம் ஊர்ப் பழக்கம், நல்ல பழக்கம். பிளக் கேப்பின் ரப்பருக்கு அது ஆகாது. பெட்ரோலியச் சரக்கு ரப்பரை ஊத வைக்கும். அதற்கு சிலிக்கான் கிரீஸ் தனியாகக் கிடைக்கிறது. கேப்பின் உதட்டில் மெல்லிசாகத் தடவினால் ஈரம் நுழையாது.

எங்கள் கரையில் உப்பை அதிகம் சுமப்பது மீன் விற்கும் டிவிஎஸ் எக்ஸ்எல். மீன் கூடையிலிருந்து ஐஸ் கரைந்து வடிகிற தண்ணீர் வண்டியின் ஒவ்வொரு இடுக்கிலும் இறங்கும். அது கடல் தண்ணீரும் மீன் உதிரமும் சேர்ந்தது. எந்தக் காற்றைவிடவும் சீக்கிரம் அரிக்கும். ஆனால் இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள்தான் தங்கள் வண்டியை நன்றாக அறிந்தவர்கள். வலை, கட்டுமரம், என்ஜின் எல்லாவற்றையும் தாங்களே பழுது பார்த்துப் பழகிய வீடுகள். மீன் விற்று முடித்ததும் வண்டிமேல் நல்ல தண்ணீர் ஊற்றுவார்கள், கேப்பைக் கழற்றித் துடைப்பார்கள், டியூப் ரப்பரை வெட்டிக் கேப்புக்கு மேல் குடை மாதிரி கட்டிவிடுவார்கள். ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "உப்ப எதுத்துக்க முடியாது தம்பி. அன்னன்னிக்குக் கழுவணும், அவ்வளவுதான்." கம்பெனி சர்வீஸ் புத்தகத்தில் இதைவிட நல்ல புத்தியை நான் படித்ததில்லை.

அவர்களுக்கு நேர் எதிர், சனி ஞாயிறுகளில் ஈசிஆரில் வரும் பெரிய வண்டிக்காரர்கள். வண்டி விலை அதிகம், டிரெஸ் விலை அதிகம், பிளக் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவர்களைக் குறை சொல்லவில்லை; வண்டி நிற்காமல் ஓடினால் யார் தேடப் போகிறார்கள்? ஆனால் நிற்காமல் ஓடுவதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. 2003இல் பல்சரில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு பிளக் வந்தது. 2009இல் வந்த கிளாசிக் 350 புல்லட்டிலும் இரண்டு பிளக். ஒரு பிளக்கின் இணைப்பு செத்தாலும் இன்னொன்று வண்டியை இழுத்துக்கொண்டு போகும். பிக்கப் கொஞ்சம் குறையும், மைலேஜ் கொஞ்சம் குறையும், வண்டிக்காரர் பெட்ரோல் பங்க்கைத் திட்டுவார். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஒன்று பழுப்பாகவும் இன்னொன்று கரியும் ஈரமுமாகவும் இருந்தால் எந்தப் பக்கத்து வயரைப் பார்க்க வேண்டும் என்று பிளக்கே காட்டிவிடும்.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. மறுநாள் முதல் கடையில் வண்டிகள் வரிசை. மணலும் கடல் தெறிப்பும் குளித்த வண்டிகள். அன்றைக்குக் காலையில் போனில் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பாட்டைப் பாடினேன். செல்ஃப் அடிக்காதீர்கள். முதலில் நல்ல தண்ணீரால் முழுக்கக் கழுவுங்கள். 'ஏற்கெனவே நனைஞ்ச வண்டியை எதுக்குக் கழுவணும்' என்று கேட்காதீர்கள், நனைத்தது உப்புத்தண்ணீர். கேப்பையும் கப்ளர்களையும் பிரித்துக் காய விடுங்கள். ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. என்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்று சந்தேகம் இருந்தால் சாவி போடாமலே பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கிக்கரை மிதியுங்கள், தண்ணீர் இருந்தால் ஓட்டை வழியாக வந்துவிடும். பிளக்கோடு செல்ஃப் அடித்தால் அமுங்காத தண்ணீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். இதைக் கேட்டு நடந்தவர்களின் வண்டிகளுக்கு என் வேலை அரை நாளில் முடிந்தது.

2020 ஏப்ரல் 1க்குப் பிறகு பிஎஸ்6 வந்து, வண்டிக்கு வண்டி கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும், ஸ்கேனர் மாட்டினால் கோளாறின் குறியீட்டைக் காட்டும். இனி கையால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று பையன்கள் கேட்கிறார்கள். பழைய புல்லட்டில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இணைப்புகள் இருந்தன. இன்றைய வண்டியில் ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு கப்ளர். உப்புக்கு இடம் கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை. சென்சார் பேசவில்லை என்று ஸ்கேனர் சொல்லும். சென்சார் செத்துப் பேசவில்லையா, கப்ளர் ஊசியில் களிம்பு பிடித்துப் பேசவில்லையா என்று அதற்குத் தெரியாது. சென்சாரின் விலையைக் கேட்ட பிறகு கப்ளரைப் பிரித்துப் பார்ப்பதைவிட, முதலிலேயே பார்ப்பது நல்லது. சாவியை எடுத்துவிட்டு, பூட்டை அழுத்தி, வயரை இழுக்காமல் பிரித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காய வைத்து மாட்ட வேண்டும். எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் மட்டும் கை வைக்காதீர்கள் என்பேன். அதில் பிளக் இல்லை, ஆனால் ஆரஞ்சு வயரும் பெரிய பேட்டரியும் பழகாத கைக்கு ஆபத்து.

எதுவரை தானே செய்வது, எப்போது கடைக்கு வருவது? வெளியே இருந்து கண்ணுக்கும் விரலுக்கும் எட்டுவது உங்களுடையது: பிளக், கேப், வயர், எர்த், கப்ளர், பேட்டரி முனை, ஏர் ஃபில்டர், செயின். என்ஜின் மூடியைத் திறக்க வேண்டியது எங்களுடையது. நடுவில் ஒன்று இருக்கிறது, அதுதான் எல்லாவற்றையும்விட உதவுவது: கோளாறு எப்போது வருகிறது என்று கவனித்து வைப்பது. காலையில் மட்டுமா, மழையிலா, சூடேறிய பிறகா, டேங்க்கில் பெட்ரோல் குறையும்போதா. விடியற்காலையில் மட்டும் வந்தால் ஈரமும் இணைப்பும். சூடேறி அரை மணி கழித்து வந்தால் காயில். மேடு ஏறும்போது மட்டும் என்றால் பெட்ரோல் வரத்தையும் பார்க்க வேண்டும். ரொம்ப நாள் நிறுத்தி வைத்துவிட்டு எடுத்த வண்டியா? எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அந்தப் பக்கமும் ஒரு கண் வேண்டும்.

பிழைப்பு கெடுகிறதா என்றால், இல்லை. தன் வண்டியைப் பார்க்கத் தெரிந்தவர் கடைக்கு வராமல் இருப்பதில்லை. முன்கூட்டியே வருகிறார், ரிங் போவதற்கு முன் ஃபில்டரோடு வருகிறார், ஹெட் போவதற்கு முன் ஆயில் கசிவோடு வருகிறார். 'என்னமோ ஆச்சு, பாருங்க' என்று சாவியைத் தூக்கிப் போடுபவரின் வண்டியில் பாதி நாள் தேடுவதிலேயே போய்விடும். தேடிய நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, போட்ட சாமானுக்குத்தான் கொடுக்கிறார்கள். அதனால்தான் தேடாமலே சாமானை மாற்றும் பழக்கம் எங்கள் தொழிலில் வளர்ந்தது. வண்டிக்காரரும் சேர்ந்து தேடினால் அந்தப் பழக்கத்துக்கு வேலை இருக்காது.

இப்போது என்னிடம் தொழில் பழகும் பையன்களுக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்திருக்கிறேன். வண்டி வந்ததும் 'என்ன ஆச்சு' என்று கேட்பது எல்லாக் கடையிலும் வழக்கம். என் கடையில் முதல் கேள்வி 'எப்ப ஆச்சு?' அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்கலாம்.